பைசா சாய்ந்த கோபுரம்: வரலாறும் பயண யோசனைகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலியின் டஸ்கனி மாநிலத்தில், ஆர்னோ ஆறு கடலை நெருங்கும் இடத்தில் இருக்கிறது பைசா நகரம். ஐரோப்பியச் சுற்றுலாவுக்குப் போகும் தமிழ்க் குடும்பங்கள் பலவும் ஃபுளோரன்ஸுக்கும் ரோமுக்கும் நடுவே இங்கே ஒரு மணி நேரம் இறங்குகின்றன. கோபுரத்தைக் கையால் தாங்குவது போல ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகின்றன. அந்த ஒரு மணி நேரத்தை அரை நாளாக ஆக்கிக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இந்தக் கேள்வி-பதில்களை எழுதுகிறேன். எண்ணூறு ஆண்டுகளாக விழாமல் நிற்பது எப்படி என்று தெரிந்துகொண்டு போய் நின்றால், அதே கோபுரம் வேறு விதமாகத் தெரியும்.

இந்தக் கோபுரத்தை எதற்காகக் கட்டினார்கள்?

பக்கத்தில் நிற்கும் பேராலயத்தின் மணிகளைத் தொங்கவிடுவதற்காக. இது தனிக் கட்டடம் அல்ல. பேராலயம், அதற்கு எதிரே வட்ட வடிவிலான ஞானஸ்நான மண்டபம், மதில் சூழ்ந்த கல்லறை முற்றம், மணிக்கோபுரம் என்ற நான்கும் சேர்ந்த ஒரே வளாகம். நான்கில் கடைக்குட்டிகளில் ஒன்றுதான் உலகப் புகழ் பெற்றுவிட்டது.

பைசா அன்று சாதாரண ஊர் அல்ல. வெனிஸ், ஜெனோவா போலத் தனிக் கப்பற்படை வைத்திருந்த கடல் குடியரசு. 1063-இல் பைசாக் கப்பல்கள் சிசிலியின் பலேர்மோ துறைமுகத்தைத் தாக்கிக் கொள்ளையிட்டன. அங்கிருந்து வந்த செல்வம் பேராலயத்தின் அடித்தளத்துக்குப் போனது. புஸ்கெத்தோ என்ற கட்டடக் கலைஞர் அதைத் தொடங்கினார். 1152-இல் ஞானஸ்நான மண்டப வேலை ஆரம்பித்தது. அதன் பிறகுதான் மணிக்கோபுரத்தின் முறை வந்தது.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஒரு கைம்பெண். பெர்த்தா தி பெர்னார்தோ என்பது அவர் பெயர். 1172 ஜனவரியில் எழுதிய உயிலில், கோபுரத்துக்குக் கல் வாங்குவதற்கென்று அறுபது வெள்ளிக்காசுகளை விட்டுச்சென்றார். வெற்றிகளையும் தளபதிகளையும் பற்றிப் பேசும்போது இந்தப் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எந்த ஆண்டு தொடங்கியது? வாசலில் வேறு ஆண்டு பொறித்திருக்கிறதே?

1173 ஆகஸ்ட் மாதம். நுழைவாயில் அருகே உள்ள கல்வெட்டு ரோமன் எண்களில் 1174 என்று சொல்கிறது; இரண்டும் சரிதான். அன்றைய பைசாவுக்குத் தனி ஆண்டுக் கணக்கு இருந்தது. அவர்களுடைய புத்தாண்டு மார்ச் 25-இல் பிறக்கும். அதுவும் நம் கணக்கைவிட ஒன்பது மாதம் முன்னதாகவே பிறந்துவிடும். ஆகவே நமக்கு 1173 ஆகஸ்ட் என்றால் அவர்களுக்கு அது 1174.

கட்டியவர் யார்?

மரபாகச் சொல்லப்படும் பெயர் பொனான்னோ பிசானோ. ஞானஸ்நான மண்டபத்தைக் கட்டிய தியோத்திசால்வியே இதையும் வடிவமைத்திருக்கலாம் என்று வாதிடும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். இடைவெளிக்குப் பிறகு வேலையைத் தொடர்ந்தவர் ஜொவான்னி தி சிமோனே என்றும், உச்சியில் உள்ள மணி மாடத்தைக் கட்டி முடித்தவர் தொம்மாசோ பிசானோ என்றும் சொல்கிறார்கள். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள்.

கோபுரம் ஏன் சாய்ந்தது?

மண்தான் காரணம். ஆறுகளும் கடலும் கொண்டுவந்து கொட்டிய படிவுகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது பைசா. மேலே சுமார் பத்து மீட்டருக்கு வண்டல், மணல், களி எல்லாம் கலந்த அடுக்கு. அதற்குக் கீழே நாற்பது மீட்டர் ஆழம் வரை மென்மையான கடற்களிமண். நிலத்தடி நீரோ ஓரிரு மீட்டரிலேயே கிடைத்துவிடும். இந்தச் சேற்றின் மேல், இருபது மீட்டருக்குச் சற்றுக் குறைவான அகலமும் மூன்று மீட்டர் ஆழமும் மட்டுமே உள்ள அடித்தளத்தைப் போட்டு, 14,500 டன் எடையுள்ள கோபுரத்தை ஏற்றினார்கள். மண் எல்லாப் பக்கமும் ஒரே சீராக அமுங்கவில்லை.

தொடக்கத்தில் கோபுரம் சாய்ந்தது இன்று பார்க்கும் பக்கமாக அல்ல. முதல் நூறு ஆண்டுகள் வடக்கே, மிக மிக லேசாகச் சாய்ந்திருந்தது. இரண்டாம் கட்ட வேலையில் எடை ஏற ஏறத்தான் தெற்கே திரும்பியது. வேலை முடியும் 14ஆம் நூற்றாண்டில் சாய்வு 1.6 டிகிரியை எட்டிவிட்டது. அதற்குப் பிறகும் நின்றபாடில்லை.

அப்படியானால் ஏன் விழவில்லை?

தாமதத்தால். இதைச் சொன்னால் பலருக்கும் வியப்பாக இருக்கிறது. ஆனால் இந்தக் கோபுரத்தின் வரலாற்றிலேயே முக்கியமான செய்தி இதுதான்.

1178 வாக்கில், நான்காம் அடுக்கைத் தொட்ட நிலையில் வேலை நின்றுபோனது. பைசாவுக்கு ஓயாத சண்டைகள். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் யாரும் அதைத் தொடரவில்லை. 1272-இல் மறுபடி தொடங்கி, ஆறே ஆண்டுகளில் ஏழாம் அடுக்கு வரை எழுப்பினார்கள். மீண்டும் நின்றது. 1284 ஆகஸ்டில் மெலோரியா கடற்போரில் ஜெனோவாவிடம் பைசாவின் கப்பற்படை நொறுங்கியது. நகரத்தின் பொற்காலம் அதோடு முடிந்தது. மணி மாடத்தைக் கட்டி முடித்தது 14ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில்தான்.

இந்த இடைவெளிகளில் மண்ணுக்குள் ஒரு வேலை நடந்துகொண்டிருந்தது. ஈரக் களிமண்ணின் மேல் பாரம் வைத்தால், அதன் நுண்துளைகளில் இருக்கும் நீர் மெல்ல மெல்ல வெளியேறும். நீர் போகப் போகக் களி இறுகி, தாங்கும் வலிமை கூடும். அதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். முதல் கட்டத்திலேயே நிறுத்தாமல் கட்டியிருந்தால் மண் அடியோடு நழுவி, கோபுரம் அன்றே சரிந்திருக்கும். இரண்டாம் கட்டத்திலும் அதே நிலைதான். பணமும் அமைதியும் நிறைந்த ஊராகப் பைசா இருந்திருந்தால், இன்று அங்கே பார்க்க ஒன்றும் இருந்திருக்காது.

கோபுரம் வளைந்திருப்பது போலத் தெரிகிறதே, கண் மயக்கமா?

மயக்கம் இல்லை, உண்மையிலேயே வளைந்திருக்கிறது. ஒவ்வோர் அடுக்கையும் கட்டும்போது சாய்வைக் கவனித்த கொத்தர்கள், சாய்ந்த பக்கத்தில் சற்று உயரமான கற்களை வைத்து மேல் அடுக்கை நேராக்க முயன்றார்கள். அதனால் கோபுரத்தின் நடு அச்சு நேர்கோடாக இல்லை.

மேலே ஏறுபவர்கள் இதைக் கண்ணாலேயே சரிபார்க்கலாம். ஏழாம் அடுக்கின் விளிம்பிலிருந்து மணி மாடத்துக்கு ஏறும் படிகளை எண்ணிப் பாருங்கள்: தெற்கே ஆறு, வடக்கே நான்கு. பெயர் தெரியாத அந்தக் கொத்தர்கள் சாய்வோடு போராடியதற்கு அந்த இரண்டு படி வித்தியாசமே சாட்சி. வழிகாட்டிகள் பலரும் இதைச் சொல்லாமல் கடந்துவிடுகிறார்கள்.

சாய்வைச் சரிசெய்கிறோம் என்று கெடுத்தவர்களும் உண்டாமே?

உண்டு. 1838-இல் கெரார்தெஸ்கா என்ற கட்டடக் கலைஞர், மண்ணுக்குள் புதைந்துபோயிருந்த தூண்களின் அடிப்பகுதியை மக்கள் பார்க்கட்டும் என்று கோபுரத்தைச் சுற்றி ஒரு பள்ளம் தோண்டினார். நோக்கம் நல்லது. ஆனால் பள்ளம் நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே போய்விட்டதால் தெற்குப் பக்கம் நீர் பீறிட்டது. கோபுரம் சட்டென்று மேலும் சாய்ந்தது. 1934-இல் முசோலினி ஆட்சியில் அடித்தளத்தில் நூற்றுக்கணக்கான துளைகள் போட்டு சிமென்ட் கலவையைச் செலுத்தினார்கள். அப்போதும் கோபுரம் தெற்கேதான் நகர்ந்தது.

1990-இல் ஏன் மூடினார்கள்?

1989 மார்ச் 17 அன்று, வட இத்தாலியின் பவீயா நகரில் இருந்த பழைய நகரக் கோபுரம் முன்னறிவிப்பே இல்லாமல் இடிந்து விழுந்தது. நான்கு பேர் இறந்தார்கள். அது சாய்ந்த கோபுரம்கூட அல்ல. இத்தாலி அரசு அதிர்ந்துபோனது. பைசாவில் அப்போது அடித்தளத்தின் சாய்வு 5.5 டிகிரி, உச்சி, அடியைவிட நாலரை மீட்டர் வெளியே தள்ளி நின்றது, ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் சற்று அதிகமாக நகர்ந்துகொண்டும் இருந்தது. மண் தோற்றுப்போகும் ஆபத்தோடு இன்னொன்றும் சேர்ந்திருந்தது. கோபுரச் சுவர் முழுப் பளிங்கு அல்ல. உள்ளும் புறமும் பளிங்குப் பலகைகள், நடுவே கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். சாய்ந்த பக்கத்தில் கீழ் அடுக்கின் மேல் விழுந்த அழுத்தத்தில் சுவர் பிதுங்கி வெடித்துவிடலாம் என்று பொறியாளர்கள் பயந்தார்கள். 1990 ஜனவரி 7 அன்று கோபுரம் பொதுமக்களுக்கு மூடப்பட்டது.

பிறகு எப்படிக் காப்பாற்றினார்கள்?

மிக்கேலே யமியோல்கோவ்ஸ்கி என்ற மண்ணியல் பொறியாளர் தலைமையில் பன்னாட்டுக் குழு ஒன்று அமைந்தது. லண்டன் இம்பீரியல் கல்லூரிப் பேராசிரியர் ஜான் பர்லண்ட் அதன் முக்கிய உறுப்பினர். தொட்டால் கவிழ்ந்துவிடும் நிலையில் இருக்கும் ஒன்றைத் தொட்டுத்தான் ஆக வேண்டும் என்பது அவர்களுக்கு வாய்த்த வேலை.

முதலில் கீழ் அடுக்கைச் சுற்றி எஃகுக் கம்பிகளால் இறுக்கிக் கட்டினார்கள். 1993-இல் வடக்குப் பக்கத்து அடித்தளத்தின் மேல் 600 டன் ஈயக் கட்டிகளை அடுக்கினார்கள். நூற்றாண்டுகளில் முதல் தடவையாகக் கோபுரம் வடக்கே, மயிரிழை அளவு, திரும்பியது. ஆனால் அழகான கோபுரத்தின் காலடியில் ஈயக் குவியல் அசிங்கமாக இருக்கிறது என்ற குறை எழுந்தது. ஈயத்துக்குப் பதிலாக ஆழத்தில் நங்கூரமிட்ட கம்பிகளால் இழுத்துப் பிடிக்கலாம் என்று முடிவாயிற்று. தோண்டும்போது நீர் புகாமலிருக்கத் திரவ நைட்ரஜனால் மண்ணை உறைய வைத்தார்கள். 1995 செப்டம்பரில், அந்த வேலை நடந்துகொண்டிருக்கும்போதே கோபுரம் தெற்கே நகரத் தொடங்கியது. அவசர அவசரமாக இன்னும் 300 டன் ஈயத்தை ஏற்றிப் பிடித்து நிறுத்தினார்கள். வேலை அத்தோடு கைவிடப்பட்டது.

கடைசியில் கைகொடுத்தது 1962-இலேயே ஃபெர்னாந்தோ தெர்ரசீனா என்ற இத்தாலியப் பொறியாளர் சொன்ன யோசனை. தாழ்ந்த தெற்குப் பக்கத்தை உயர்த்த முயலாதீர்கள். உயர்ந்திருக்கும் வடக்குப் பக்கத்தின் அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மண்ணை எடுங்கள், கோபுரம் தானே அந்தப் பக்கம் உட்காரும் என்றார் அவர். 1999-இல் சோதனை ஓட்டம். பிறகு வடக்கிலிருந்து சாய்வாகக் குழாய்களைச் செலுத்தி, ஒவ்வொரு நாளும் சிறிதளவு மண்ணை எடுப்பதும், கோபுரம் எப்படி நடந்துகொள்கிறது என்று அளப்பதும், காத்திருப்பதுமாக 2001 நடுப்பகுதி வரை வேலை நடந்தது. மொத்தம் எடுத்த மண் சுமார் 38 கன மீட்டர். சில லாரிகளில் அடங்கிவிடும். சாய்வு அரை டிகிரி குறைந்தது. உச்சி சுமார் 45 சென்டிமீட்டர் பின்னுக்கு வந்தது. ஈயக் கட்டிகளை அகற்றி, 2001 டிசம்பர் 15 முதல் மக்களை மறுபடி ஏறவிட்டார்கள்.

வடக்குப் பக்கம் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் உயர்ந்து கோபுரத்தைத் தெற்கே தள்ளுவதையும் கண்டுபிடித்து, நீரை வடிக்கும் ஏற்பாடு செய்தார்கள். 2008-இல், கோபுரம் நகர்வதை நிறுத்திவிட்டது என்று அறிவிக்கப்பட்டது. குறைந்தது இருநூறு ஆண்டுகளுக்குக் கவலையில்லை என்பது பர்லண்டின் கணிப்பு.

முழுக்க நேராகவே நிமிர்த்தியிருக்கலாமே?

நிமிர்த்தியிருந்தாலும் நேராக இருந்திருக்காது. அச்சே வளைந்த கோபுரம் அது. அடியை நேராக்கினால் தலை வடக்கே சாயும். தவிர, பழைய சின்னம் ஒன்றைப் பிழைக்க வைக்கத் தேவையான அளவுக்கு மட்டும் கை வைப்பதுதான் பாதுகாப்பாளர்களின் தர்மம். கண்ணுக்குத் தெரியாத அரை டிகிரி போதும் என்று அவர்கள் நிறுத்திக்கொண்டதை மனமாரப் பாராட்டுகிறேன்.

அடியிலிருந்து உச்சி வரை மொத்தமாக அளந்தால் இப்போதைய சாய்வு ஏறத்தாழ 4 டிகிரி; கோபுரம் வளைந்திருப்பதால் இது அடித்தளத்தின் சாய்வைவிடக் குறைவு. உயரம் சுமார் 56 மீட்டர். வடக்குப் பக்கம் தெற்கைவிட ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவாக உயர்ந்திருக்கிறது.

பூகம்பம் வந்தால்?

1280 முதல் குறைந்தது நான்கு வலுவான நிலநடுக்கங்களை இது கண்டிருக்கிறது. 2018-இல் வெளியான ஆய்வு ஒன்று காரணத்தைச் சொன்னது: உயரமான விறைப்பான கோபுரமும் மிக மென்மையான மண்ணும் சேர்ந்திருப்பதால், நிலம் அதிரும் தாளத்துக்குக் கோபுரம் ஒத்து ஆடுவதில்லை. சாய வைத்த அதே மண் பூகம்பத்திலிருந்து காத்தும் வந்திருக்கிறது.

கலிலியோ இங்கிருந்து குண்டுகளைப் போட்டுச் சோதித்தாரா?

கலிலியோ பைசாவில் 1564-இல் பிறந்தவர். 1589 முதல் 1592 வரை இங்கேயே கணிதம் கற்பித்தவர். அதுவரை உறுதி. வெவ்வேறு எடையுள்ள பொருள்களைக் கோபுரத்திலிருந்து விழவிட்டு, இரண்டும் சமமாக இறங்குவதைக் காட்டினார் என்ற கதை, அவருடைய கடைசிக் கால மாணவர் வின்சென்சோ விவியானி எழுதிய வாழ்க்கை வரலாற்றிலிருந்து வருகிறது. கலிலியோவின் சொந்த எழுத்துகளில் பைசாக் கோபுரத்துச் சோதனை பற்றிப் பேச்சே இல்லை. எனவே வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் இதை நம்புவதில்லை.

பேராலயத்தில் தொங்கும் விளக்கு ஆடுவதைப் பார்த்து ஊசலின் விதியைக் கண்டுபிடித்தார் என்ற கதைக்கும் இதே கதி. 'கலிலியோ விளக்கு' என்று இன்று காட்டப்படுவது 1587-இல் வைக்கப்பட்டது. கதையோ 1583-இல் நடப்பதாகச் சொல்லப்படுகிறது. வழிகாட்டி உணர்ச்சியோடு சொல்லும்போது குறுக்கிட வேண்டாம். குழந்தைகளிடம் பிறகு உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

ஏழு உலக அதிசயங்களில் ஒன்றுதானே?

பள்ளி நாட்களில் நாம் மனப்பாடம் செய்த பட்டியல்கள் சிலவற்றில் இருந்தது. பண்டைய கிரேக்கர்களின் மூலப் பட்டியலில் இருக்க வாய்ப்பே இல்லை. அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பிற்பட்டது இந்தக் கோபுரம். 1987 முதல் வளாகம் முழுவதும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம். உலகிலேயே அதிகம் சாய்ந்த கோபுரமும் இது அல்ல. ஜெர்மனியின் சூர்ஹூசன் சிற்றூர்த் தேவாலயக் கோபுரம் 5 டிகிரிக்கு மேல் சாய்ந்திருக்கிறது.

எப்படிப் போவது?

இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். ஃபுளோரன்ஸின் சாந்தா மரியா நோவெல்லா நிலையத்திலிருந்து 'பீசா சென்ட்ராலே' நிலையத்துக்கு ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று முன்பின் ஆகும். அடிக்கடி ஓடும் வட்டார ரயில்களில் முன்பதிவு தேவையில்லை. காகித டிக்கெட் வாங்கினால், ஏறும் முன் நிலையத்திலுள்ள சிறிய எந்திரத்தில் செருகி முத்திரை பதித்துக்கொள்ளுங்கள். மறந்தால் அபராதம் உண்டு. பைசா விமான நிலையத்துக்குக் கலிலியோவின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து சென்ட்ராலே நிலையத்துக்குத் தானியங்கி ரயிலில் ஐந்து நிமிடம்.

சென்ட்ராலேயிலிருந்து கோபுரம் 25 நிமிட நடை. பஸ்ஸைவிட நடையையே சொல்வேன்: கோர்சோ இத்தாலியா கடைத்தெரு, ஆர்னோவின் மேல் மெத்சோ பாலம், போர்கோ ஸ்த்ரெத்தோவின் வளைவுக் கூரைகள், காவலியேரி சதுக்கம் என்று ஊரே வரிசையாக வரும். நடக்க முடியாதவர்கள் சான் ரொசோரே என்ற சிறு நிலையத்தில் இறங்கலாம். அங்கிருந்து பத்து நிமிடத்துக்குள் போய்விடலாம். லூக்கா நகரிலிருந்து வரும் ரயில்கள் பல அங்கே நிற்கும்.

மேலே ஏற டிக்கெட் எப்படி வாங்குவது?

வளாகத்தை நிர்வகிக்கும் 'ஓபெரா தெல்லா பிரிமாசியாலே பிசானா' அமைப்பின் சொந்த இணையதளத்தில் வாங்குங்கள். விலை சுமார் 20 யூரோ. மாறக்கூடியது என்பதால் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளவும். பேராலய அனுமதியும் இதிலேயே சேர்ந்துவிடும். இடைத்தரகர் தளங்கள் இதையே கூடுதல் விலைக்கு விற்கின்றன.

ஒரு நேரத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கையினரை மட்டுமே விடுவார்கள். ஏறி இறங்க அரை மணி நேரம். டிக்கெட்டில் உள்ள நேரம் தவறினால் அனுமதி போய்விடும். ரயில் தாமதமாகலாம் என்று கணக்கிட்டு, ஊருக்கு வந்து சேரும் நேரத்திலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளிப் பதிவு செய்யுங்கள். வெயில் காலத்திலும் வார இறுதியிலும் அன்றைய டிக்கெட் கிடைக்கும் என்று நம்பிப் போக வேண்டாம்.

கைப்பை உட்பட எல்லாப் பைகளையும் கீழே பெட்டகத்தில் வைத்துவிட வேண்டும். கைபேசி, கேமராவுக்குத் தடையில்லை.

குழந்தைகளையும் பெரியவர்களையும் கூட்டிப்போகலாமா?

எட்டு வயது நிரம்பாத குழந்தைகளை மேலே விடுவதில்லை. கெஞ்சிப் பயனில்லை, பெற்றோர் மாற்றி மாற்றி ஏறுவது போல இரண்டு வெவ்வேறு நேரங்களுக்கு டிக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். 18 வயதுக்குட்பட்டவர்களோடு பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும்.

லிஃப்ட் கிடையாது. சுவரின் கனத்துக்குள் சுருண்டு போகும் குறுகிய பளிங்குப் படிகள், 250-க்கும் மேல். பல தலைமுறைகளின் கால் பட்டு நடுவில் குழிந்து வழவழப்பாக இருக்கும். மழை நாளில் வழுக்கும். முழங்கால் வலியோ, இதயக் கோளாறோ, தலைசுற்றலோ உள்ளவர்கள் ஏற வேண்டாம். கீழே புல்வெளி ஓரத்திலிருந்து பார்ப்பதிலும் குறைவொன்றும் இல்லை.

ஏறும்போது சாய்வு உடம்புக்குத் தெரியுமா?

நன்றாகவே தெரியும். சுற்றிச் சுற்றி ஏறும்போது ஒரு பக்கத்தில் உடம்பு வெளிச்சுவரை நோக்கித் தள்ளப்படும். அரைச் சுற்றுக்குப் பிறகு உட்சுவரை நோக்கி. தெற்கே இறங்குவது போலவும் வடக்கே மலையேறுவது போலவும் இருக்கும். படிகளின் தேய்மானமும் அதற்கேற்ப இடம் மாறுவதைக் கவனியுங்கள். உச்சியில் ஏழு மணிகள். மிகப் பழையது 1262-இல் வார்த்தது. அங்கிருந்து பேராலயத்தின் சிலுவை வடிவம் முழுமையாகத் தெரியும். தொலைவில் பைசா மலைத்தொடர்.

படம் எடுக்கச் சிறந்த இடமும் நேரமும்?

கோபுரம் தெற்கே சாய்ந்திருக்கிறது. எனவே மேற்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ பார்த்தால்தான் சாய்வு முழுமையாகத் தெரியும்; நேர் தெற்கில் நின்றால் நிமிர்ந்து நிற்பது போலவே இருக்கும். இதைத் தெரியாமல் தவறான கோணத்தில் போராடுபவர்கள் ஏராளம்.

காலை எட்டு மணிக்கு முன்போ, பஸ் கூட்டங்கள் போன பிறகு மாலையிலோ போங்கள். கோபுரத்தைத் தாங்கும் படம் எடுத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் கோபுரம் மட்டும் உள்ள படத்தைவிடப் பேராலயமும் சேர்ந்து வரும் படமே அழகு. பக்கத்தில் நேராக நிற்கும் சுவர் இருந்தால்தான் சாய்வின் அளவு விளங்கும். உட்காரத் தடை விதித்த புல்தரைகளில் ஏறாதீர்கள்.

வளாகத்தில் வேறென்ன பார்க்க வேண்டும்?

எல்லாமே. நேரம் குறைவென்றால் கோபுரத்தில் ஏறுவதை விட்டுவிட்டுக்கூட இவற்றைப் பாருங்கள் என்பேன்.

ஞானஸ்நான மண்டபத்தில் நிக்கோலா பிசானோ 1260-இல் செதுக்கிய பிரசங்க மேடை இருக்கிறது. அவர் மகன் ஜொவான்னி பிசானோவின் மேடை பேராலயத்துக்குள். தந்தையின் உருவங்கள் அமைதியாக நிற்பவை. மகனுடையவை அலறித் துடிப்பவை. ஒரே குடும்பத்தில், ஐம்பது ஆண்டுகளுக்குள், சிற்பக்கலை இவ்வளவு மாறியதை நூறு அடி நடையில் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு வேறெங்கே கிடைக்கும்? மண்டபத்தின் எதிரொலியும் பேர்பெற்றது. காவலர் ஒருவர் அவ்வப்போது சில சுரங்களைப் பாடிக் காட்டுவார். அவர் நிறுத்திய பிறகும் குரல்கள் கூரைக்கடியில் ஒன்றோடொன்று இழைந்து நிற்கும். அந்த நேரத்தில் தயவுசெய்து பேச வேண்டாம்.

கம்போசாந்தோ எனப்படும் கல்லறை முற்றத்துக்குப் போகிறவர்கள் குறைவு. 1944 ஜூலை 27 அன்று குண்டு வீச்சில் கூரை தீப்பிடித்து, உருகிய ஈயம் சுவரோவியங்களின் மேல் வழிந்தது. எரிந்து உதிர்ந்தவற்றைத் துண்டு துண்டாகப் பெயர்த்தெடுத்து, பல பத்தாண்டுகள் செப்பனிட்டார்கள். புஃபல்மாக்கோ வரைந்த 'மரணத்தின் வெற்றி' 2018-இல் தன் சுவருக்குத் திரும்பியது. ஓவியங்களைப் பெயர்த்தபோது அவற்றுக்கடியில் கலைஞர்கள் செம்மண் நிறத்தில் போட்ட முதல் கோடுகள் வெளிப்பட்டன. அவற்றுக்கென்றே எதிரில் சினோப்பியே அருங்காட்சியகம் இருக்கிறது. பேராலயத்துக்குள் தோளும் தொடையும் மறையும் உடை வேண்டும்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும். 'செச்சினா' என்று கேளுங்கள். கடலைமாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு சேர்த்து விறகு அடுப்பில் சுட்டெடுப்பது; நம் வீட்டுக் கடலைமாவு தோசையின் தடித்த அண்ணன் போல இருக்கும். மிளகு தூவி, ரொட்டிக்குள் வைத்தும் தருவார்கள். சதுக்கத்தை ஒட்டிய உணவகங்களில் விலை அதிகம். ஆற்றுப் பக்கம் பத்து நிமிடம் நடந்தால் பல்கலைக்கழக மாணவர்கள் சாப்பிடும் கடைகள் வரும்.

திருட்டு பயம் உண்டா?

சதுக்கத்திலும், நெரிசலான பஸ், ரயில்களிலும் ஜேப்படி நடக்கிறது. இரண்டு கையையும் தூக்கிப் படத்துக்கு நிற்கும் நேரத்தில் தரையில் பையை வைக்காதீர்கள். பாஸ்போர்ட்டை உட்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதம் நல்லது? இரவு தங்கலாமா?

ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்கள் இதமாக இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் கடும் வெயில். பளிங்கின் ஒளி கண்ணைக் கூசச் செய்யும். குளிர்காலத்தில் கூட்டம் குறைவு, திறந்திருக்கும் நேரமும் குறைவு.

முடிந்தால் ஓர் இரவு தங்குங்கள். ஜூன் 16 அன்று அங்கே இருக்க வாய்த்தால் தவறவிடாதீர்கள்: நகரத்தின் காவலரான புனித ரனியேரியின் விழாவுக்கு முந்தைய இரவு, ஆர்னோவின் இரு கரை மாளிகைகளின் சன்னல்களிலும் விளிம்புகளிலும் பல்லாயிரம் மெழுகு விளக்குகளை ஏற்றுவார்கள். கோபுரத்திலும் தீபங்கள் எரியும். அன்றைக்கு ஓட்டல் அறைகள் மாதக் கணக்கில் முன்னதாகவே தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் லூக்காவில் தங்கி, திரும்பும் கடைசி ரயிலின் நேரத்தை முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.